பணித் தேர்வில் பொய் கண்டறியும் சோதனை

பணித் தேர்வில் பொய் கண்டறியும் சோதனை என்பது, ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கு முன்போ அவர் வேலையில் இருக்கும்போதோ, அவர் உண்மை பேசுகிறாரா என்பதை அறியும் நோக்குடன் பாலிகிராஃப் என்னும் கருவியைக் கொண்டு நடத்தப்படும் சோதனை ஆகும். கேள்விகளுக்கு விடை கூறும்போது உடலில் ஏற்படும் மாற்றங்களை இக்கருவி பதிவு செய்கிறது. அம்மாற்றங்களைக் கொண்டு விடை உண்மையா பொய்யா என்று சோதனையாளர் முடிவு செய்கிறார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உளவு, பாதுகாப்புத் துறைகளின் பணித் தேர்வில் இச்சோதனை பயன்படுத்தப்படுகிறது. இந்தியாவில் இது பெரும்பாலும் குற்றப் புலனாய்வில் பயன்படுகிறது. ஒருவருடைய ஒப்புதல் இன்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எனினும் வேலை கொடுப்போர் நடத்தும் சோதனைகளை நேரடியாக ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை.

பெயர்

பாலிகிராஃப் என்னும் சொல் கிரேக்க மொழியில் 'பல', 'எழுதுதல்' என்னும் பொருள் தரும் இரு சொற்களின் சேர்க்கை ஆகும். ஒரே நேரத்தில் பல உடலியல் அளவுகளை எழுதிக் காட்டுவதால் இப்பெயர் ஏற்பட்டது. தமிழ் நாளிதழ்கள் இதனை 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதுகின்றன. ஆனால் மயக்க மருந்து செலுத்திக் கேள்வி கேட்கும் நார்கோ சோதனையும், மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனையும் அதே பெயரால் குறிக்கப்படுவது உண்டு. இம்மூன்றும் வேறு வேறானவை. இக்கட்டுரை பாலிகிராஃப் சோதனையை மட்டும் விளக்குகிறது.

வரலாறு

உடலின் குறிகளைக் கொண்டு பொய்யை அறியும் எண்ணம் மிகப் பழையது. பண்டைய இந்தியத் தரும நூல்களில் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மெல்லச் செய்து, துப்பிய அரிசியைப் பார்க்கும் சோதனை கூறப்படுகிறது. அச்சத்தால் வாய் உலர்ந்து போகும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தமிழகச் சிற்றூர்களில் கோயில் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கமும், பொய்ச் சத்தியம் செய்பவர் அஞ்சுவார் என்னும் நம்பிக்கையையே அடிப்படையாகக் கொண்டது.

தற்காலக் கருவியின் வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. குற்றவியல் அறிஞர் செசாரே லொம்புரோசோ 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், விசாரிக்கப்படுபவரின் குருதி ஓட்ட மாற்றங்களை அளந்து பார்த்தார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்சுடன் முதல் உலகப் போர்க் காலத்தில் குருதி அழுத்தத்தைக் கொண்டு பொய்யை அறிய முயன்றார். 1921 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் துறையில் பணியாற்றிய ஜான் லார்சன், குருதி அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அவருடன் பணியாற்றிய லியோனார்ட் கீலர் இக்கருவியை எளிமையாக்கி, தோலின் மின்கடத்தலை அளக்கும் பகுதியையும் சேர்த்தார்.

மார்சுடனின் சோதனையைச் சான்றாக ஏற்க அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1923 ஆம் ஆண்டில் மறுத்தது. அறிவியலாளரிடையே பொதுவான ஏற்பைப் பெறாத முறையை நீதிமன்றம் ஏற்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம் ஆகும். நீதிமன்றத்தில் இடம் கிடைக்காத சோதனைக்கு வேலைவாய்ப்புத் துறையில் இடம் கிடைத்தது. கீலர் 1930 களில் சிக்காகோ வங்கிகளின் ஊழியர்களைச் சோதித்தார். பின்னர் கடைகள், கிடங்குகள், உணவகங்கள் எனப் பல நிறுவனங்கள் இதனைக் கைக்கொண்டன. 1980 களில் அமெரிக்கத் தனியார் துறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சோதனைகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

செயல்படும் முறை

சோதனைக்கு உட்படுபவரின் மார்பைச் சுற்றியும் வயிற்றைச் சுற்றியும் மூச்சை அளக்கும் இரு பட்டைகள் கட்டப்படுகின்றன. மேற்கையில் குருதி அழுத்தப் பட்டை சுற்றப்படுகிறது. விரல்களில் பொருத்தப்படும் மின்வாய்கள் வியர்வையால் தோலின் மின்கடத்தலில் ஏற்படும் மாற்றத்தை அளக்கின்றன. முற்காலத்தில் ஓடும் தாளில் மைமுனைகள் கோடு வரைந்தன. இப்பொழுது கணினித் திரையில் கோடுகள் தோன்றுகின்றன.

இக்கருவி பொய்யை அளப்பதில்லை. பொய்க்கென்று தனியான உடற்குறி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. தன்னியக்க நரம்பு மண்டலம் கிளர்ச்சி அடைவதையே கருவி காட்டுகிறது. அக்கிளர்ச்சி பொய் சொல்வதால் வரலாம். அச்சம், வெட்கம், சினம், கிடைக்கவிருக்கும் வேலை போய்விடுமோ என்னும் கவலை ஆகியவற்றாலும் வரலாம். கோட்டின் ஏற்றத்துக்குக் காரணம் எது என்பதைக் கருவி சொல்லாது. அதைச் சொல்பவர் சோதனையாளரே.

கேள்வி முறைகள்

சோதனையில் மூன்று வகைக் கேள்வி முறைகள் முதன்மையானவை.

1. தொடர்புடைய கேள்வி முறை: 'முன்பு வேலை செய்த இடத்தில் பணம் எடுத்தீர்களா?' போன்ற கேள்விகளும், 'இன்று திங்கட்கிழமையா?' போன்ற பொதுக் கேள்விகளும் கலந்து கேட்கப்படுகின்றன. முதல் வகைக் கேள்விக்கு எதிர்வினை மிகுதியாக இருந்தால் ஐயம் கொள்ளப்படுகிறது. நேர்மையானவருக்கும் அக்கேள்வி அச்சம் தரும் என்பது இதன் பெருங்குறை.

2. ஒப்பீட்டுக் கேள்வி முறை: 1947 ஆம் ஆண்டில் ஜான் ரீடு இதனை முன்வைத்தார். 'வாழ்க்கையில் எப்போதாவது பிறர் பொருளை எடுத்ததுண்டா?' போன்ற, எவரும் தயக்கத்துடன் 'இல்லை' என்று சொல்லக்கூடிய கேள்வி ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படுகிறது. நேர்மையானவர் இக்கேள்விக்கும், பொய்யர் தொடர்புடைய கேள்விக்கும் மிகுதியாக எதிர்வினை காட்டுவர் என்பது இதன் எடுகோள் ஆகும்.

3. மறைத்த செய்தி அறியும் முறை: 1959 ஆம் ஆண்டில் டேவிடு லிக்கன் இதனை வெளியிட்டார். குற்றம் செய்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தியைப் பிற செய்திகளோடு கலந்து கூறி, எதற்கு எதிர்வினை எழுகிறது என்று பார்க்கப்படுகிறது. அறிவியலாளர் பலர் இதனை மற்ற இரண்டினும் மேலானதாகக் கருதுகின்றனர். ஆனால் பணித் தேர்வில் குறிப்பிட்ட குற்றம் எதுவும் நடந்திருப்பதில்லை. ஆகவே இம்முறையை அங்கே பயன்படுத்த இயலாது.

பணித் தேர்வில் நம்பகத்தன்மை

குற்றப் புலனாய்வில் நடந்த ஒரு நிகழ்வைப் பற்றிக் கேட்கப்படுகிறது. பணித் தேர்விலோ ஒருவருடைய கடந்த காலம் முழுவதையும் பற்றிப் பொதுவாகக் கேட்டு, அவர் எதிர்காலத்தில் எப்படி நடப்பார் என்று கணிக்க முயல்கின்றனர். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான அறிக்கை இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. பணியாளர் பாதுகாப்புத் தேர்வில் இச்சோதனையை நம்பும் அளவுக்கு அதன் துல்லியம் போதாது என்பது அறிக்கையின் முடிவு ஆகும்.

அவ்வறிக்கை ஒரு கணக்கை முன்வைத்தது. 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று கொள்ளப்பட்டது. ஒற்றர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், அவர்களோடு குற்றமற்ற 1,598 பேரும் தோல்வி அடைவர். நேர்மையானவர்கள் சிக்காதபடி சோதனையைத் தளர்த்தினால் குற்றமற்ற 39 பேர் மட்டுமே தோல்வி அடைவர். ஆனால் 8 ஒற்றர்கள் தப்பிவிடுவர்.

இதன் பொருளை உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றால் விளங்கிக் கொள்ளலாம். சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலை மீதுள்ள ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் மிகுதி. அங்குள்ள கிடங்குகளுக்கும் விடுதிகளுக்குமாக 1,000 பேர் வேலை கேட்டு வருவதாகவும், அவர்களுள் 10 பேர் மட்டும் திருடும் எண்ணம் உடையவர்கள் என்றும் கற்பனையாகக் கொள்வோம். மேற்கண்ட கடுமையான சோதனையின் வீதங்களை இங்கே பொருத்தினால் கிடைக்கும் விடை வருமாறு:

* திருடும் எண்ணம் உடைய 10 பேரில் 8 பேர் பிடிபடுவர். 2 பேர் தப்புவர்.
* நேர்மையான 990 பேரில் ஏறத்தாழ 158 பேர் பொய்யர் என்று முத்திரை குத்தப்படுவர்.
* ஆகத் தோல்வி அடையும் 166 பேரில் உண்மையில் ஐயத்துக்கு உரியவர் 8 பேர் மட்டுமே. அதாவது சுமார் 20 பேருக்கு ஒருவர்.

சோதனையின் துல்லியம் 80 விழுக்காட்டைத் தாண்டியது என்று விளம்பரம் செய்யும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகிறது. தேடப்படும் பண்பு மக்களிடையே அரிதாக இருந்தால், ஓரளவு நல்ல சோதனையும் குற்றமற்றவர்களையே பெருமளவில் பிடிக்கும். ஏற்காடு போன்ற சிற்றூரில் வேலை கொடுப்போர் சிலரே. அங்கே 'சோதனையில் தேறாதவர்' என்னும் பெயர் ஒரு வேலையோடு நிற்பதில்லை.

முடிவுகளை மாற்றும் முயற்சிகள்

சோதனையின் முடிவைத் தமக்குச் சார்பாக மாற்றச் சிலர் செய்யும் செயல்கள் எதிர்முறைகள் எனப்படுகின்றன. இவை மூன்று வகைப்படும். உடலில் சிறு வலியையோ தசை இறுக்கத்தையோ உண்டாக்குவது முதல் வகை. மனத்துக்குள் கணக்குப் போடுவது போன்ற உளச் செயல்கள் இரண்டாம் வகை. அமைதி தரும் மருந்துகளை உட்கொள்வது மூன்றாம் வகை. முதல் இரு வகைகளின் நோக்கம் எதிர்வினையைக் குறைப்பது அன்று. ஒப்பீட்டுக் கேள்விக்கு எதிர்வினையைக் கூட்டிக் காட்டுவதே அவற்றின் நோக்கம். மருந்துகளின் பயன் உறுதிப்படவில்லை; அவை எல்லாக் கேள்விகளுக்குமான எதிர்வினையை ஒருசேர மாற்றுவதே இதற்குக் காரணம்.

சார்லசு ஆண்ட்சும் அவருடைய குழுவினரும் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற 'குற்றவாளிப்' பங்கேற்பாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சோதனையை ஏமாற்றினர். உடல் முறையும் உள முறையும் ஒரே அளவு பயன் அளித்தன. ஆய்வகச் சூழலில் கிடைத்த இம்முடிவு, உண்மையான வேலைத் தேர்வுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சோதனையாளர்கள் இதற்கு எதிராக இருக்கையில் அசைவு உணரிகளைப் பொருத்துகின்றனர். எதிர்முறையைக் கையாண்டதாக ஐயம் எழுந்தால் அதுவே தோல்விக்குக் காரணமாக எடுத்துக் கொள்ளப்படுகிறது. இதனால் நேர்மையான விண்ணப்பதாரருக்குப் புதிய இடர் ஏற்படுகிறது. பதற்றத்தைத் தணிக்க ஆழ மூச்சு விடுபவரும், தவறாக மதிப்பிடப்படுவோமோ என்று அஞ்சி ஏதேனும் முறையைக் கையாள்பவரும் ஏமாற்றுபவர்களாகக் கருதப்படலாம்.

அமெரிக்காவில் கூட்டரசுச் சோதனையில் பொய் சொல்லப் போவதாகத் தெரிவித்தவர்களுக்குப் பயிற்சி அளித்த முன்னாள் காவலர் ஒருவருக்கு 2015 ஆம் ஆண்டில் 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் மாறுவேடத்தில் வந்த அரசு அலுவலர்கள் ஆவர்.

உண்மையான பணிச் சூழலிலும் சோதனை தவறியதுண்டு. அமெரிக்க நடுவண் உளவு முகமையில் பணியாற்றிக்கொண்டே சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்சு 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இச்சோதனையில் தேறினார். அவர் 1994 ஆம் ஆண்டில்தான் கைது செய்யப்பட்டார். நன்றாக உறங்கி ஓய்வெடுத்து, சோதனையாளருடன் நட்பாகப் பழகுமாறு மட்டுமே தமக்கு அறிவுரை கூறப்பட்டதாக அவர் பின்னர் தெரிவித்தார். கியூபாவுக்கு உளவு சொன்ன அனா மான்டசும் 1994 ஆம் ஆண்டில் சோதனையில் தேறி, 2001 ஆம் ஆண்டில் பிடிபட்டார்.

இந்தியாவில் சட்ட நிலை

குற்ற வழக்குகள்

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சான்று கூறுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 20(3) ஆம் உறுப்பு கூறுகிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000 ஆம் ஆண்டில் பாலிகிராஃப் சோதனைக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றுள் முதன்மையானவை:

* ஒப்புதல் இன்றிச் சோதனை நடத்தக் கூடாது.
* சோதனையின் உடல், உள, சட்ட விளைவுகளைக் காவல் துறையினரும் வழக்கறிஞரும் விளக்க வேண்டும்.
* ஒப்புதல் நீதித்துறை நடுவர் முன்பு பதிவு செய்யப்பட வேண்டும்.
* சோதனையில் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது என்பதைத் தெரிவிக்க வேண்டும்.
* பதிவு தனித்து இயங்கும் ஓர் அமைப்பால், வழக்கறிஞர் முன்னிலையில் செய்யப்பட வேண்டும்.

எனினும் பல உயர் நீதிமன்றங்கள் கட்டாயச் சோதனைகளுக்கு இடமளித்தன. சென்னை உயர் நீதிமன்றமும் 2006 ஆம் ஆண்டில் தினேசு தால்மியா வழக்கில் இத்தகைய அறிவியல் சோதனைகளை ஏற்றது. இந்நிலையை உச்ச நீதிமன்றம் மாற்றியது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருட்டிணன், நீதிபதிகள் ஆர். வி. ரவீந்திரன், ஜே. எம். பாஞ்சால் ஆகியோர் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தனர். நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் எவர் மீதும் கட்டாயமாக நடத்தக் கூடாது என்றும், அவ்வாறு நடத்துவது தனிமனித உரிமையில் நியாயமற்ற தலையீடு என்றும் தீர்ப்புக் கூறியது. விரும்பி உட்பட்டாலும் சோதனை முடிவு நேரடிச் சான்று ஆகாது. அதன் வழியாகப் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளையோ செய்தியையோ மட்டும் சான்றாக ஏற்கலாம். அம்லேசு குமார் எதிர் பீகார் மாநிலம் என்னும் வழக்கில் 2025 சூன் மாதம் உச்ச நீதிமன்றம் இந்நிலைப்பாட்டை மீண்டும் உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் இந்நடைமுறைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2012 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் கொலை செய்யப்பட்ட தொழிலதிபர் கே. என். ராமஜெயம் வழக்கு ஆகும். இவ்வழக்கில் நீதிமன்றத்தில் ஒப்புதல் தெரிவித்தவர்களுக்கு 2023 சனவரியில் சென்னையில் பாலிகிராஃப் சோதனை நடத்தப்பட்டது.

வேலைவாய்ப்பு

செல்வி வழக்கின் தீர்ப்பு குற்றப் புலனாய்வைப் பற்றியது. தனியார் முதலாளி ஒருவர் வேலை கேட்டு வருபவரிடம் இச்சோதனைக்கு உட்படுமாறு கேட்பதை அது நேரடியாகத் தடை செய்யவில்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆம் ஆண்டில் புட்டசாமி வழக்கில் அறிவித்தது. ஆனால் அடிப்படை உரிமைகளுள் பெரும்பாலானவை அரசுக்கு எதிராகவே செயல்படுத்தத்தக்கவை. 2023 ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் தடையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. அதே வேளை வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தரவைப் பயன்படுத்த விலக்கும் அளிக்கிறது.

இங்கே ஒப்புதல் என்பதே சிக்கலாகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நடுவர் முன்பு, வழக்கறிஞர் துணையுடன் ஒப்புதல் அளிக்கிறார். மறுத்தால் அதற்காக அவருக்குத் தண்டனை இல்லை. வேலை கேட்டு வருபவருக்கு நடுவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. மறுத்தால் வேலை இல்லை. ஆகக் கொலை வழக்கில் ஐயத்துக்கு உள்ளானவருக்கு உள்ள பாதுகாப்பு, கிடங்குக் காவலர் வேலைக்கு வருபவருக்கு இல்லை.

ஏற்கெனவே பணியில் இருப்பவரின் நிலை சற்று வேறு. ஒழுங்கீனத்துக்காக அவரை நீக்குவதற்குக் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, உள்விசாரணை நடத்துவது இயற்கை நீதியின் தேவை ஆகும். சட்ட உதவி தேவைப்படுவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும், பட்டியல் சாதியினரும், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி இனத்தவர் உள்ளிட்ட பட்டியல் பழங்குடியினரும் வருமான வரம்பு இன்றி இலவச உதவி பெறலாம்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்க நாடாளுமன்றம் 1988 ஆம் ஆண்டில் பணியாளர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பெரும்பாலான தனியார் முதலாளிகள் விண்ணப்பதாரரையோ ஊழியரையோ இச்சோதனைக்கு உட்படுமாறு கேட்பதை இச்சட்டம் தடை செய்கிறது. மறுத்ததற்காக ஒருவரை நீக்கவும் கூடாது. பாதுகாவல் நிறுவனங்கள், மருந்து தயாரிப்போர், குறிப்பிட்ட இழப்பு ஒன்றைப் பற்றிய விசாரணை ஆகியவற்றுக்கு வரம்புடன் கூடிய விலக்கு உண்டு. அரசுத் துறைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனவே எல்லைக் காவல் பணி போன்ற கூட்டரசுப் பணிகளில் இச்சோதனை தொடர்கிறது.

மாற்று வழிகள்

இந்திய அரசுப் பணிகளில் பாலிகிராஃபுக்கு மாறாக, விண்ணப்பதாரர் எழுதித் தரும் உறுதிமொழிப் படிவமும் காவல் துறைச் சரிபார்ப்பும் பயன்படுகின்றன. அப்படிவத்தில் ஒரு செய்தியை மறைத்தார் என்பதற்காக எவரையும் இயந்திரத்தனமாக நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டில் அவ்தார் சிங் வழக்கில் கூறியது. மறைக்கப்பட்ட செய்தியின் தன்மையும் பணியின் தன்மையும் சேர்த்து எடை போடப்பட வேண்டும்.

தனியார் துறையில் கல்விச் சான்று, முந்தைய பணிச் சான்று, முகவரி ஆகியவற்றைச் சரிபார்த்தல் வழக்கம். கிடங்கு இருப்பைத் தவறாது எண்ணுதல், பணத்தையும் கணக்கையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைத்தல் ஆகியவை திருட்டைத் தடுக்கும் பழைய முறைகள். இவற்றில் பிழை நேர்ந்தால் அதனைச் சுட்டிக் காட்டவும் திருத்தவும் முடியும். சான்றிதழ் பொய் என்று சொன்னால் அதனை வழங்கிய கல்லூரியிடம் கேட்கலாம். ஆனால் கோட்டின் ஏற்றத்தைக் கண்டு 'நீர் பொய் சொன்னீர்' என்று சொல்லப்பட்டவருக்கு, தாம் பொய் சொல்லவில்லை என்று மெய்ப்பிக்க வழி இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

* நார்கோ சோதனை
* தடய அறிவியல்
* இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள்
* தேசிய மனித உரிமை ஆணையம்
* ஏற்காடு